லிஃப்டில் எடை கூடுமா, குறையுமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேலூர் சத்துவாச்சாரியில் நான் குடியிருக்கும் அடுக்குமாடியில் ஆறு பேர் ஏறும் சின்ன லிஃப்ட் ஒன்று இருக்கிறது. ஐந்தாவது மாடியில் என் வீடு. அங்கேயே பத்தாம் வகுப்பு, பதினோராம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இயற்பியல் டியூஷன் எடுக்கிறேன். பத்தாம் வகுப்பு அறிவியலில் முதல் பாடமே இயக்க விதிகள். அதில் மின்தூக்கியும் தோற்ற எடையும் வந்ததும் சந்தேகங்கள் கிளம்பிவிடும். ஆண்டுக்கு ஆண்டு பிள்ளைகள் மாறுகிறார்கள், சந்தேகங்கள் மாறுவதில்லை.

எடை மிஷினோடு நாங்கள் லிஃப்டில் ஏறி இறங்குவதைப் பார்த்து அக்கம்பக்கத்தினரும் கேட்க ஆரம்பித்தார்கள். வைத்தியத்துக்காக ஊருக்கு வந்து, எங்கள் கீழ்த்தளத்தில் சில வாரங்கள் வாடகைக்குத் தங்குபவர்களும் கேட்டிருக்கிறார்கள். கேட்டவர்கள் பேச்சிலேயே கேள்விகளை எழுதி, என் பதிலைக் கீழே தந்திருக்கிறேன். முடுக்கம் என்றால் வேகம் விநாடிக்கு விநாடி எவ்வளவு மாறுகிறது என்ற அளவு. கணக்கு வரும் இடங்களில் புவியீர்ப்பு முடுக்கத்தை 9.8 மீ/வி² என்று வைத்துக்கொண்டிருக்கிறேன்.

"மிஸ், லிஃப்ட்ல போனா நெஜமாவே வெயிட்டு கூடுமா, இல்ல சும்மா அப்படித் தோணுதா?"

உங்கள் உடம்பில் ஒரு கிராம் கூட ஏறவில்லை. பூமி உங்களை இழுக்கும் இழுப்பும் அப்படியேதான் இருக்கிறது. ஆனால் லிஃப்டின் தரை உங்கள் பாதத்தை மேல்நோக்கித் தள்ளும் விசை உண்மையாகவே கூடுகிறது, உண்மையாகவே குறைகிறது. எடை மிஷின் முள் நகர்வதைக் கண்ணால் பார்க்கலாம். மனப்பிரமை என்றால் முள் நகருமா?

"தோற்ற எடை" என்ற பெயர்தான் பிள்ளைகளைக் குழப்புகிறது என்பது என் எண்ணம். தோற்றம் என்றதும் பொய், மாயை என்று நினைத்துவிடுகிறார்கள். நான் வகுப்பில் "தரை தரும் தள்ளு" என்று சொல்லிக் கொடுத்துவிட்டு, பரீட்சைத் தாளில் மட்டும் தோற்ற எடை என்று எழுதச் சொல்வேன்.

"நிறை, எடை, தோற்ற எடை. மூணும் ஒரே மாதிரி இருக்கு. எப்படிப் பிரிக்கிறது?"

25 கிலோ அரிசி சிப்பம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் இருக்கும் அரிசியின் அளவு நிறை. வேலூரிலும் நிலவிலும் அது 25 கிலோகிராம்தான். அந்தச் சிப்பத்தைப் பூமி இழுக்கும் விசை எடை. 25 × 9.8 = 245 நியூட்டன். இடத்துக்கு இடம் இது கொஞ்சம் மாறும். பூமத்திய ரேகையில் புவியீர்ப்பு முடுக்கம் 9.78, துருவத்தில் 9.83. நம் ஊர் பூமத்திய ரேகைக்குப் பக்கம் என்பதால் இங்கே சுமார் 9.78.

அந்தச் சிப்பத்தைத் தாங்குகிற தரையோ, தலையோ, கொக்கியோ கொடுக்க வேண்டிய விசைதான் தோற்ற எடை. சிப்பம் சும்மா கிடக்கும்போது அதுவும் 245 நியூட்டன்தான். சிப்பத்தின் வேகம் மாறும்போது மட்டும் இரண்டும் பிரிந்துவிடும். நம் உடம்புக்குத் தெரிவதும் தராசுக்குத் தெரிவதும் இந்த மூன்றாவது மட்டுமே. பூமியின் இழுப்பை நேராக உணரும் உறுப்பு நமக்குக் கிடையாது.

"மேல போனா பிளஸ், கீழ போனா மைனஸ். அவ்ளோதானே மிஸ்?"

இல்லவே இல்லை. இந்தப் பக்கத்தை எழுத உட்கார்ந்ததே இந்த ஒரு கேள்விக்காகத்தான். மனப்பாடம் செய்த இந்த ஒற்றை வரியால் நன்றாகப் படிக்கும் பிள்ளைகள் கூட மதிப்பெண்ணை இழக்கிறார்கள். மதிப்பெண் போனால் போகட்டும், கண் முன்னால் நடப்பதையே தவறாகப் பார்க்கப் பழகிவிடுகிறார்களே என்பதுதான் என் வருத்தம்.

முள் வைத்த பழைய எடை மிஷின் மேல் 50 கிலோ இருக்கும் மாணவி ஒருத்தியை நிற்க வைத்து, தரைத்தளத்திலிருந்து ஐந்தாவது மாடிக்குப் போவோம். கிளம்பும் அந்த ஒரு விநாடியில் முள் 54 பக்கம் போகும். உடனே 50-க்குத் திரும்பிவிடும். முதல் மாடி, இரண்டாவது, மூன்றாவது, நான்காவது எல்லாம் 50-லேயே கடக்கும். ஐந்தாவது மாடியில் நிற்கப் போகும்போது 46 பக்கம் இறங்கி, நின்றதும் 50-க்கு வந்துவிடும். இவ்வளவு நேரமும் லிஃப்ட் மேலேதான் போனது! எடை கூடியது, மாறாமல் இருந்தது, குறைந்தது, மூன்றுமே அந்த ஒரு பயணத்தில் நடந்தன.

இறங்கும்போது வரிசை தலைகீழ். கிளம்பும்போது 46, நடுவில் 50, தரைத்தளத்தில் நிற்கும்போது 54. அதாவது கீழே போகும் லிஃப்டிலும் எடை கூடுகிறது. எங்கே போகிறோம் என்பது இதில் பேச்சே இல்லை. வேகம் எந்தத் திசையில் மாறுகிறது என்பதுதான் கணக்கு.

"அப்போ முடுக்கத்தோட குறிய எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

மேல்நோக்கிய திசையைப் பிளஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். மேலே போகும் லிஃப்ட் வேகம் எடுத்தால் முடுக்கம் மேல்நோக்கி, பிளஸ். மேலே போகும் லிஃப்ட் வேகம் குறைத்தால் முடுக்கம் கீழ்நோக்கி, மைனஸ். கீழே போகும் லிஃப்ட் வேகம் எடுத்தால் மைனஸ். கீழே போகும் லிஃப்ட் பிரேக் போட்டால், யாரோ கீழிருந்து தாங்கிப் பிடிப்பது போல, முடுக்கம் மேல்நோக்கி, பிளஸ்.

சூத்திரம் ஒன்றே ஒன்றுதான். தரையின் எதிர்விசை = நிறை × (புவியீர்ப்பு முடுக்கம் + லிஃப்டின் முடுக்கம்). இது எங்கிருந்து வருகிறது? உங்கள் மேல் இரண்டு விசைகள். கீழ்நோக்கிப் பூமியின் இழுப்பு, மேல்நோக்கித் தரையின் தள்ளு. நியூட்டனின் இரண்டாம் விதிப்படி, தள்ளிலிருந்து இழுப்பைக் கழித்தால் கிடைப்பது நிறை × முடுக்கம். அதை மாற்றி எழுதியதுதான் இந்தச் சூத்திரம். 50 கிலோ ஆள், முடுக்கம் 1 மீ/வி² மேல்நோக்கி என்றால் 50 × 10.8 = 540 நியூட்டன். எடை மிஷின் அதை 9.8-ஆல் வகுத்து 55.1 கிலோ என்று காட்டும். அதே முடுக்கம் கீழ்நோக்கி என்றால் 50 × 8.8 = 440 நியூட்டன், மிஷினில் 44.9 கிலோ. சூத்திரத்தில் வேகத்துக்கு இடமே இல்லை என்பதைக் கவனியுங்கள்.

"நடுவுல ஏன் ஒண்ணுமே தெரிய மாட்டேங்குது? மேலதானே போயிக்கிட்டு இருக்கோம்?"

வேகம் மாறவில்லை, அதனால் முடுக்கம் பூஜ்யம். காட்பாடியைத் தாண்டி ஒரே சீராக ஓடும் ரயிலில் கண்ணை மூடினால் ஓடுகிறதா நிற்கிறதா என்று தெரியாமல் போகிறதே, அதேதான். தள்ளும் இழுப்பும் சமமாக இருந்தால் பொருள் நிற்க வேண்டும் என்று நாம் நினைத்துவிடுகிறோம். சமமாக இருந்தால் வேகம் மாறாது, அவ்வளவுதான். ஏற்கனவே போய்க்கொண்டிருந்தால் அதே வேகத்தில் போய்க்கொண்டே இருக்கும்.

"தண்ணி சேந்தும்போது வெடுக்குனு இழுத்தா கயிறு அறுந்துடும்னு எங்க பாட்டி சொல்லுவாங்க. அதுவும் இதுவும் ஒண்ணா?"

ஒன்றேதான். கிணற்று வாளியை லிஃப்ட் என்று நினைத்துக்கொள்ளுங்கள், தாம்புக்கயிறுதான் லிஃப்டின் கயிறு. தண்ணீரோடு வாளி 12 கிலோ என்றால், சும்மா தொங்கும்போது கயிற்றில் 118 நியூட்டன் விசை. ஒரே சீராக மெதுவாக இழுத்தாலும் அதே 118, கொஞ்சம் வேகமாக ஆனால் ஒரே சீராக இழுத்தாலும் அதே 118. வெடுக்கென்று 5 மீ/வி² முடுக்கத்தில் இழுத்தால் 12 × 14.8 = 178 நியூட்டன். ஏறக்குறைய ஒன்றரை மடங்கு! நைந்துபோன கயிறு அந்த நொடியில்தான் அறும். வாளி பாதி வழியில் வரும்போது அறுவது அபூர்வம்.

இந்தக் கேள்வியைக் கேட்ட பையனின் ஊர் அணைக்கட்டுப் பக்கம், வீட்டில் இன்னும் கப்பியோடு கிணறு இருக்கிறது. அவன் பாட்டிக்குச் சூத்திரம் தெரியாது, ஆனால் வேகம் வேறு, வேகம் மாறுவது வேறு என்பது கைக்குத் தெரிந்திருக்கிறது. அன்றிலிருந்து இந்தப் பாடத்தைக் கிணற்றிலிருந்தே ஆரம்பிக்கிறேன். லிஃப்டில் ஏறாத பிள்ளைக்கும் புரிகிறது.

"எங்க வீட்டு மிஷின எடுத்துட்டுப் போய்ப் பார்த்தேன். ஒண்ணும் மாறலையே மிஸ்!"

டிஜிட்டல் மிஷினாக இருக்கும். வீட்டில் வைத்திருக்கும் கண்ணாடி மிஷின்கள் பலவும் எடை நிலைத்ததும் அந்த எண்ணைப் பூட்டி வைத்துக்கொள்ளும். அப்புறம் லிஃப்ட் என்ன செய்தாலும் அதே எண்தான் நிற்கும். உள்ளே சுருள்வில் வைத்து, முள் சுற்றும் பழைய மிஷின் வேண்டும். அது கிடைக்கவில்லை என்றால் பழைய பேப்பர்காரர் வைத்திருக்கும் கொக்கித் தராசு போதும். இரண்டு கிலோ புளியையோ ஒரு பாட்டில் தண்ணீரையோ மாட்டி, கையை ஆட்டாமல் பிடியுங்கள். கை ஆடினால் அதுவே ஒரு முடுக்கம்.

கைபேசி இருந்தால் இன்னும் தெளிவாகப் பார்க்கலாம். அதற்குள் முடுக்கமானி இருக்கிறது. ஜெர்மனியின் ஆஹன் பல்கலைக்கழகத்தில் உருவான ஃபைஃபாக்ஸ் என்ற இலவசச் செயலி அந்த அளவை வரைபடமாகக் காட்டும், லிஃப்டுக்கென்றே அதில் ஒரு சோதனை உண்டு. கைபேசியைத் தரையில் படுக்க வைத்துவிட்டு மாடிக்குப் போங்கள். கிளம்பும்போது ஒரு மேடு, நடுவில் சமதளம், நிற்கும்போது ஒரு பள்ளம். முந்தைய கேள்வியில் முள் சொன்ன கதையையே கோடு சொல்லும்.

"லாங்கு பஜார்ல இருக்குற தட்டுத் தராசை லிஃப்ட்ல வெச்சா கூடக் காட்டுமா, கொறையக் காட்டுமா?"

இரண்டும் இல்லை, சரியாகவே காட்டும். ஒரு தட்டில் கத்தரிக்காய், மறு தட்டில் படிக்கல். முடுக்கத்தால் காய் எவ்வளவு அழுத்துகிறதோ, கல்லும் அதே விகிதத்தில் அழுத்தும். முள் நடுவிலேயே நிற்கும். தட்டுத் தராசு நிறையை ஒப்பிடுகிறது, வில் தராசும் டிஜிட்டல் தராசும் விசையை அளக்கின்றன. இந்த ஒரு வேறுபாடு புரிந்துவிட்டால் இரண்டாவது பதிலில் சொன்ன நிறையும் எடையும் இனிக் குழம்பாது. லிஃப்ட் அறுந்து விழும்போது மட்டும் தட்டுத் தராசும் பயன்படாது, அப்போது இரண்டு தட்டிலும் அழுத்தமே இருக்காது.

"ஆறு பேர், 408 கிலோன்னு போட்டிருக்கு. மேல போவும்போது வெயிட்டு கூடினா ஓவர்லோடு ஆயிடாதா?"

இதைக் கேட்டவர் எங்கள் கட்டடத்துக் காவலாளி அண்ணன். நல்ல கேள்வி. நம் நாட்டில் ஆளுக்கு 68 கிலோ என்று கணக்கு வைத்துத்தான் அந்தப் பலகை எழுதப்படுகிறது. 6 × 68 = 408. எட்டு பேர் லிஃப்ட் என்றால் 544, பதின்மூன்று பேர் என்றால் 884. இது நிறை. கிளம்பும்போது கயிற்றில் பத்து சதவீதம் விசை கூடும் என்பது வடிவமைத்தவர்களுக்குத் தெரியும். அதற்கும் மேலே பல மடங்கு தாங்கும் எஃகுக் கயிறுகளை, ஒன்றுக்கு மேற்பட்டு, போட்டிருக்கிறார்கள்.

"பீப்" என்று கத்தும் ஓவர்லோடு மணி, கதவு திறந்து லிஃப்ட் அசையாமல் நிற்கும்போதே எடையைப் பார்த்துவிடும். அதனால் முடுக்கம் அதைக் குழப்பாது. உள்ளே போய்ப் பிள்ளைகள் குதிப்பது வேறு விஷயம். குதித்துத் தரையில் இறங்கும் கணத்தில் ஒருவரின் தோற்ற எடை இரண்டு மூன்று மடங்கு ஆகும். அண்ணன் அவர்களைத் திட்டுவதில் நியாயம் இருக்கிறது.

"சென்னையில பெரிய பில்டிங்ல எவ்ளோ வேகமா போச்சு! ஆனா நம்ம லிஃப்ட்ல தெரியுற மாதிரி கூடத் தெரியல. ஏன்?"

வேகத்துக்குச் சூத்திரத்தில் இடமில்லை என்று சொன்னேனே. நம் லிஃப்ட் விநாடிக்கு ஒரு மீட்டர் வேகத்தை ஒரு விநாடி சொச்சத்தில் எட்டிவிடும். அங்கே விநாடிக்கு நான்கு மீட்டர் வேகத்தை நான்கு விநாடி எடுத்துக்கொண்டு எட்டினால் முடுக்கம் 1 மீ/வி²தான். அதிலும் நல்ல லிஃப்டுகளில் முடுக்கத்தையே மெல்ல மெல்ல ஏற்றி, மெல்ல மெல்ல இறக்குவார்கள். உடம்பு சட்டென்ற மாற்றத்தைத்தான் பெரிதாக உணரும். பழைய லிஃப்ட் மெதுவாகப் போனாலும் தூக்கிப் போடுவது அதனால்தான்.

"கீழ எறங்கும்போது வயித்துல ஒரு மாதிரி பண்ணுதே, அது இன்னா?"

குடல், இரைப்பை எல்லாம் உடம்புக்குள் ஓரளவு தளர்வாகத் தொங்கிக்கொண்டிருக்கின்றன. வழக்கமாக அவை தம் எடையால் கீழ்நோக்கி அழுந்திக் கிடக்கும். தோற்ற எடை சட்டென்று குறைந்ததும் அந்த அழுத்தம் தளர்ந்து, கொஞ்சம் மேலே ஏறுகின்றன. அதே நேரத்தில் உள்காதில் முடுக்கத்தை உணரும் நுண்ணிய உறுப்பும் மூளைக்குச் சேதி சொல்கிறது. திருவிழா ராட்டினம் உச்சியைத் தாண்டி இறங்கும்போது வருவதும் இதுதான், அங்கே முடுக்கம் அதிகம் என்பதால் கூச்சமும் அதிகம்.

"தண்ணி வாளியில ஒரு பிளாஸ்டிக் சொம்பு மெதக்குது. லிஃப்ட் கெளம்பினா சொம்பு இன்னும் முங்குமா?"

எனக்குப் பிடித்த கேள்வி. சொம்பின் தோற்ற எடை கூடுகிறதே, முங்கத்தானே வேண்டும் என்று வகுப்பில் பாதிப் பேர் சொல்வார்கள். ஆனால் அதைத் தாங்கும் தண்ணீருக்கும் தோற்ற எடை கூடுகிறது. அதனால் தண்ணீருக்குள் அழுத்தம் கூடுகிறது, மேலே தள்ளும் மிதப்பு விசையும் கூடுகிறது. இரண்டும் ஒரே விகிதத்தில் கூடுவதால் சொம்பு அதே கோட்டில் மிதக்கும். பேனாவால் கோடு போட்டுவிட்டு ஏறிப் பாருங்கள். தட்டுத் தராசு ஏமாறாததற்கும் இதற்கும் காரணம் ஒன்று.

"எனக்கு ஏழாவது மாசம் அக்கா. தெனம் லிஃப்ட்ல போறேன். கொழந்தைக்கு ஏதாவது அழுத்தம் ஆகுமா?"

இரண்டாவது மாடித் தங்கை பயந்துகொண்டே கேட்டாள். லிஃப்டின் முடுக்கத்தைப் பொறுத்தவரை பயப்பட ஒன்றும் இல்லை. ஒன்றிரண்டு விநாடிக்குப் பத்து சதவீத மாற்றம். சாதாரணமாக நடக்கும்போதே ஒவ்வொரு அடிக்கும் தரையின் தள்ளு எடையைவிடப் பத்து, இருபது சதவீதம் கூடிக் குறைகிறது. நாற்காலியிலிருந்து எழுவதிலும் அப்படித்தான். மேலும் குழந்தை நீருக்குள் மிதந்துகொண்டிருக்கிறது. மேலே சொன்ன சொம்புக் கதைதான் அதற்கும். நீ படி ஏற வேண்டாம் தங்கச்சி, லிஃப்டிலேயே வா என்று சொல்லி அனுப்பினேன்.

"ட்ரிப்ஸ் பாட்டிலோட லிஃப்ட்ல கூட்டிட்டுப் போறாங்க. மருந்து வேகமா எறங்கிடாதா?"

வேலூரில் இந்தக் கேள்வி வராமல் இருக்காது. கீழ்த்தளத்தில் தங்கியிருந்த பெரியவர் ஒருவர், தன் மனைவியைச் சக்கர நாற்காலியில் கூட்டிப்போனதைப் பார்த்துவிட்டுக் கேட்டார். பாட்டில் கைக்கு மேலே எவ்வளவு உயரத்தில் இருக்கிறது, தண்ணீரின் தோற்ற எடை எவ்வளவு, இந்த இரண்டும் சேர்ந்துதான் மருந்தைக் கீழே தள்ளுகின்றன. லிஃப்ட் மேலே கிளம்பும்போது அந்தத் தள்ளு பத்தில் ஒரு பங்கு கூடும். ஒன்றிரண்டு விநாடியில் அது ஒரு சொட்டு கூட இல்லை. நிற்கும்போது அதே அளவு குறைந்து ஈடாகிவிடும். மருந்து பம்ப் வைத்து ஏற்றினால் இந்தக் கணக்கே வேண்டாம்.

நெரிசலில் பாட்டிலைக் கையின் மட்டத்துக்குத் தாழ்த்திவிடாமல் பார்த்துக்கொள்வதுதான் முக்கியம். தாழ்ந்தால் சொட்டு நின்று, ரத்தம் குழாயில் ஏறும். லிஃப்டின் முடுக்கம் செய்வதைவிட இது பல மடங்கு பெரிய மாற்றம்.

"கயிறு அறுந்து லிஃப்ட் விழுந்தா வெயிட்டு ஜீரோ ஆயிடும்னு போட்டிருக்கு. எப்படி ஜீரோ ஆகும், பூமி இழுத்துக்கிட்டுதானே இருக்கு?"

இழுத்துக்கொண்டுதான் இருக்கிறது. அதே சூத்திரத்தில் லிஃப்டின் முடுக்கத்துக்கு -9.8 போடுங்கள். அடைப்புக்குள் பூஜ்யம், தரையின் தள்ளு பூஜ்யம். தரை உங்களை விட்டு அதே வேகத்தில் விழுந்துகொண்டிருப்பதால் அது உங்களைத் தாங்கவே இல்லை. எடை இருக்கிறது, தோற்ற எடை இல்லை.

இதை லிஃப்ட் இல்லாமலே பார்க்கலாம். பிளாஸ்டிக் பாட்டிலின் அடிப்பக்கத்தில் ஓட்டை போட்டு, தண்ணீர் நிரப்பி, மூடியைத் திறந்து வையுங்கள். தண்ணீர் பீய்ச்சும். அப்படியே முதல் மாடியிலிருந்து, கீழே ஆள் இல்லாத இடத்தில், விட்டுவிடுங்கள். விழும் நேரம் முழுக்க ஓட்டையிலிருந்து தண்ணீர் வராது. மேல் தண்ணீர் கீழ்த் தண்ணீரை அழுத்துவதே இல்லை. பத்து வருஷமாக இதைச் செய்து காட்டுகிறேன், ஒவ்வொரு முறையும் "இன்னொரு தபா மிஸ்" என்பார்கள்.

"அப்படி விழும்போது கடைசி நொடியில குதிச்சா தப்பிச்சிடலாமா?"

முடியாது. ஐந்து மாடி, 15 மீட்டர் என்று வைத்துக்கொண்டால் கீழே வரும்போது வேகம் விநாடிக்கு 17 மீட்டர், அதாவது மணிக்கு 60 கிலோமீட்டருக்கு மேல். நல்ல ஆள் எம்பினாலும் விநாடிக்கு 3 மீட்டர்தான் கழியும். மிச்சம் 14. அதோடு, எம்பத் தரையை அழுத்தி நிற்க வேண்டும். தோற்ற எடை பூஜ்யமாக இருக்கும்போது கால் தரையில் பாவவே பாவாது.

அதைவிட முக்கியம், லிஃப்ட் அப்படி விழாது. 1854-இல் எலிஷா ஓட்டிஸ் நியூயார்க் கண்காட்சியில், தான் நின்ற மேடையின் கயிற்றை எல்லார் முன்னாலும் வெட்டச் சொன்னார். மேடை கொஞ்சம் இறங்கி அப்படியே நின்றது. வேகம் வரம்பை மீறினால் தண்டவாளத்தைக் கவ்விப் பிடிக்கும் தடுப்பு இன்றைய கயிற்று லிஃப்டுகளில் இருக்கிறது. கேள்வித்தாளில் மட்டும்தான் லிஃப்ட் அடிக்கடி அறுந்து விழுகிறது.

"விண்வெளியில புவியீர்ப்பே இல்லாததாலதானே மெதக்கறாங்க?"

இதற்கு இரண்டு கேள்விக்கு முந்தைய பதிலே போதும். விண்வெளி நிலையம் சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகிறது. அங்கே புவியீர்ப்பு முடுக்கம் 8.7 மீ/வி², தரையில் இருப்பதில் ஏறக்குறைய 90 சதவீதம். நிலையமும் அதில் இருப்பவர்களும் ஒன்றாக விழுந்துகொண்டே இருக்கிறார்கள். பக்கவாட்டில் அவ்வளவு வேகம் இருப்பதால் பூமியின் வளைவைத் தாண்டித் தாண்டி விழுகிறார்கள், தரையைத் தொடுவதில்லை. முடிவே இல்லாமல் அறுந்து விழும் லிஃப்ட் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

"சோளிங்கர் ரோப் கார்ல போனேன். அது நேரா மேல போவாம சாய்வா போவுது. அதுக்கு எந்தக் கணக்கு?"

யோசித்துக் கேட்ட கேள்வி. நரசிம்மர் மலைக்கு 1305 படி ஏறியவர்களுக்கு 2024-இல் வந்த ரோப் கார் பெரிய நிம்மதி. ஒரே சீராகப் போகும் நடுவழியில் சாய்வாகப் போனாலும் தோற்ற எடை மாறாது, முடுக்கம் இல்லை. வேகம் மாறும்போது முடுக்கத்தை இரண்டாகப் பிரிக்க வேண்டும். செங்குத்துப் பகுதி லிஃப்டில் போலவே எடையைக் கூட்டும், குறைக்கும். கிடைப் பகுதி உங்களைப் பின்னால் சாய்க்கும். காட்பாடியில் ரயில் கிளம்பும்போது பாட்டில் தண்ணீர் பின்பக்கம் சாய்ந்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். முடுக்கம் 0.5 மீ/வி² என்றால் சுமார் 3 டிகிரி சாய்வு. அந்த நேரத்தில் தண்ணீருக்குக் "கீழே" என்ற திசையே கொஞ்சம் திரும்பிவிடுகிறது.

உயரம் ஏறுவதால் எடை குறையுமே என்றும் அவனே கேட்டான். குறையும். 200 மீட்டர் ஏறினால் 50 கிலோ ஆளுக்கு மூன்று கிராம் போல. கோயிலில் வாங்கிச் சாப்பிடும் பிரசாதம் அதைவிடக் கனம்.

"கண்ண மூடிக்கிட்டு நின்னா, மேல போவுதா கீழ போவுதான்னு சொல்ல முடியுமா?"

லிஃப்ட் நின்றுகொண்டிருந்தது என்பது முன்பே தெரிந்தால் முடியும். முதலில் கனத்தால் மேலே, முதலில் லேசானால் கீழே. ஆனால் நடுவழியில் தூங்கி விழித்த குழந்தைக்குத் திடீரென்று கனக்கிறது என்று வையுங்கள். அது மேலே போக வேகம் எடுக்கிறதா, கீழே போய் நிற்கப் போகிறதா? உள்ளே எந்தத் தராசை வைத்தாலும் பிரித்துச் சொல்ல முடியாது, இரண்டிலும் முடுக்கம் மேல்நோக்கி.

இந்தக் கேள்வியை இன்னும் ஒரு படி தள்ளிக் கேட்டவர் ஐன்ஸ்டைன். 1907-இல் பெர்ன் நகரக் காப்புரிமை அலுவலகத்தில் வேலை பார்த்தபோது, கூரையிலிருந்து விழும் மனிதனுக்குத் தன் எடை தெரியாது என்ற எண்ணம் அவருக்கு வந்தது. அங்கிருந்து தொடங்கிப் பொதுச் சார்பியல் வரை போனார். ஜன்னல் இல்லாத ஒரு சின்னப் பெட்டி, எந்தக் கோளும் பக்கத்தில் இல்லாத வெளியில், 9.8 மீ/வி² முடுக்கத்தில் மேலே போய்க்கொண்டிருக்கிறது. அதற்குள் எங்கள் முள் மிஷினில் அந்த மாணவி நின்றால் முள் 50 காட்டும். விட்ட சாவி கீழே விழும், பாட்டில் ஓட்டையில் தண்ணீர் பீய்ச்சும், சொம்பு அதே கோட்டில் மிதக்கும். காலுக்குக் கீழே பூமி இருக்கிறதா இல்லையா என்பதை மட்டும் அவளால் சொல்ல முடியாது.